விண்ணை அளந்தவர்கள் – 19: சாக்கு எடை

எங்கள் புளியங்குடியில் பொழுது சீக்கிரம் அடைந்துவிடும். மேற்கே மலை மறிக்கிறது. சங்கரன்கோவில் பக்கம் வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருக்கும்போதே இங்கே மலை நிழல் எலுமிச்சைத் தோட்டங்களைத் தாண்டி பஜார் வரைக்கும் வந்துவிடும். மலைக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டால் பெரியவர்கள் ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார்கள்: “மலையாளம்.” எங்களுக்கு அது மொழியின் பெயராக இல்லை, ஊரின் பெயர். எலுமிச்சை மார்க்கெட்டில் இன்றைக்கும் அப்படித்தான் பேச்சு. “மலையாளத்துக்கு லோடு ஏத்தியாச்சா?” என்பார்கள். லாரி தென்காசி, செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு வழியாக இறங்கிப் போகும்.

இந்த வாரம் நாமும் அந்த வழியாகவே இறங்குகிறோம். சென்ற வாரம் புணேயில் அண்டவியலாளர் ஜெயந்த் நார்லிக்கரோடு நின்றிருந்தோம். அவரிடம் ஆய்வு செய்ய வந்த ஓர் இளைஞரைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவர் பெயர் தாணு பத்மநாபன். நண்பர்கள் சுருக்கமாக ‘பேடி’ என்பார்கள். ஆங்கிலத்தில் நெல்லுக்குச் சொல்கிற சொல்தான். தமிழில் எழுதினால் பொருள் விபரீதமாகப் போய்விடும் என்பதால் நான் பத்மநாபன் என்றே எழுதுகிறேன்.

தாணு என்பது அப்பா பெயர். சுசீந்திரத்துத் தாணுமாலயன் பெயர் அது. நாகர்கோவில் பக்கம் தெருவுக்கு ஒரு தாணு இருப்பார். பத்மநாபன் அனந்தபுரத்துச் சாமி. ஆக அந்தப் பெயருக்குள்ளேயே பழைய திருவிதாங்கூர் முழுசாக இருக்கிறது. அவர் திருவனந்தபுரத்தில் பிறந்தது 1957 மார்ச் 10. அதற்கு நான்கு மாதம் முன்பு, 1956 நவம்பர் 1 அன்றுதான், அதுவரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை நம் பக்கம் வந்து சேர்ந்தது. கொஞ்சம் முந்திப் பிறந்திருந்தால் செங்கோட்டைக்காரரும் அவரும் ஒரே மாநிலம்.

திருவனந்தபுரத்துக்கு வானத்தோடு பழைய சம்பந்தம் உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்திலேயே, 1837 வாக்கில், ஜான் கால்டகாட் என்பவர் பொறுப்பில் அங்கே ஒரு வானாய்வுக்கூடம் நடந்தது. ஆனால் பத்மநாபனுக்கு வானம் தொலைநோக்கி வழியாக வரவில்லை. புத்தகம் வழியாக வந்தது. ஃபெய்ன்மனின் இயற்பியல் விரிவுரைத் தொகுதிகள்தான் தன்னைப் பிடித்து இழுத்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். பல்கலைக்கழகக் கல்லூரியில் 1977இல் பி.எஸ்ஸி., 1979இல் எம்.எஸ்ஸி. பி.எஸ்ஸி. படிக்கும்போதே, 20 வயதில், பொதுச் சார்பியல் குறித்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுவிட்டார். கல்லூரி மாணவன் ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் கட்டுரை எழுதுவது இன்றைக்கும் அபூர்வம். நகலெடுக்கும் கடைகூட அரிதாக இருந்த அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய் வருவோம். காரணம் பிறகு புரியும்.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். அப்பாவோடு எலுமிச்சை மூட்டையை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு கமிஷன் கடைக்குப் போனோம். எந்தக் கடை என்பது வேண்டாம். தராசில் மூட்டை ஏறியது. கணக்கப்பிள்ளை, “சாக்குக்கு ரெண்டு கிலோ கழிச்சாச்சு அண்ணாச்சி” என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பழத்தைக் கொட்டியபின் காலிச் சாக்கை எடுத்து அதே தராசில் வைத்தார். ஒரு கிலோகூட வரவில்லை. கணக்கப்பிள்ளை சாக்கைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வருகையில் அப்பா சொன்னது இவ்வளவுதான்: “பழத்த நிறுக்கத் தெரியாதவன் எவனுமில்ல. சாக்க நிறுக்கிறதுலதான் இருக்கு சூட்சுமம்.”

பத்மநாபனின் நாற்பது வருட ஆராய்ச்சியைப் படிக்கப் படிக்க எனக்கு அந்தக் காலிச் சாக்கு ஞாபகம்தான் வருகிறது.

1979இல் பம்பாய், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். மறு வருடமே, முனைவர் பட்டம் வாங்குவதற்கு முன்பே, அங்கே ஆசிரியப் பணியில் சேர்ந்துவிட்டார். வழிகாட்டி ஜெயந்த் நார்லிக்கர். பெருவெடிப்புக் கொள்கையை நார்லிக்கர் கடைசிவரை முழுதாக ஏற்கவில்லை என்பதை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். அவரிடம் போய்ச் சேர்ந்த மாணவரோ பெருவெடிப்பின் முதல் கணத்துக்குள் தலையை விட்டுப் பார்க்கிற ஆசையோடு வந்தவர். சண்டை வந்திருக்க வேண்டும், வரவில்லை. இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். 1983இல் குவாண்டம் பிரபஞ்சவியல் குறித்து இருவர் பெயரிலும் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. 2001இலும், பெருவெடிப்புக் கொள்கையையும் அதன் மாற்றுகளையும் ஒருசேர எடைபோடும் கட்டுரை ஒன்றை இருவரும் கூடி எழுதினார்கள். குரு ஒரு கட்சி, சிஷ்யன் ஒரு கட்சி என்றிருந்தும் ஒரே கட்டுரையில் கையெழுத்துப் போட முடிந்திருக்கிறது. நம்மூர்ப் பட்டிமன்றங்களுக்கு இது ஆகாது.

அந்த 1983 கட்டுரையின் சாரம் இது. ஐன்ஸ்டைன் கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் பிரபஞ்சம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியில் போய் நிற்கிறது. அளவு பூச்சியம், அடர்த்தி முடிவிலி. கணக்கு அங்கே செத்துவிடுகிறது. ஆனால் அணு அளவுக்கும் கீழே இறங்கினால் எந்தப் பொருளும் நடுங்காமல் நிற்பதில்லை. குவாண்டம் விதி அப்படி. அப்படியானால் வெளியின் அளவுகோலே நடுங்கினால்? நார்லிக்கரும் பத்மநாபனும் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு அளவை மட்டும் நடுங்கவிட்டுப் பார்த்தார்கள். பூச்சியத்தை நெருங்க நெருங்க நடுக்கம் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. ‘சரியாகப் பூச்சியத்தில் போய் நின்றது’ என்கிற விடைக்கு அந்த நடுக்கத்தில் இடமே இல்லாமல் போகிறது. இது முழுமையான குவாண்டம் ஈர்ப்புக் கொள்கை இல்லைதான். ஒரே ஒரு அம்சத்தை மட்டும் எடுத்துச் செய்த கணக்கு. ஆனால் இருபதுகளின் நடுவில் இருந்த ஓர் இளைஞருக்கு அது ஒரு பிடியைக் கொடுத்தது: மிகச் சிறிய தூரத்தில் ‘தூரம்’ என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறுகிறது. எந்த இரண்டு புள்ளியையும் ப்ளாங்க் நீளத்தைவிட நெருக்கமாகக் கொண்டுவர முடியாது என்று 1985இல் எழுதினார். ப்ளாங்க் நீளம் என்றால் ஒரு சென்டிமீட்டரை 1-க்குப் பின் 33 சைபர் போட்டு வகுத்தால் வருகிற தூரம்.

அந்தச் சமயத்தில் உலகம் முழுக்க அண்டவியல்காரர்கள் வேறொரு தலைவலியில் இருந்தார்கள். 1981இல் ஆலன் கூத் ‘வீக்கம்’ என்ற கருத்தைச் சொன்னார். பிரபஞ்சம் பிறந்தவுடன் நொடியின் மிகமிகச் சின்ன பகுதியில் நினைத்துப்பார்க்க முடியாத வேகத்தில் ஊதிப் பெருத்தது; அப்போதிருந்த குவாண்டம் நடுக்கங்களும் சேர்ந்து நீண்டன; அந்த மேடுபள்ளங்களே பிற்பாடு விண்மீன் மண்டலங்களாக வளர்ந்தன. அழகான யோசனை. கணக்குப் போட்டால் மேடுபள்ளம் தேவைக்குமேல் பெரிதாக வருகிறது. இன்று காணும் பிரபஞ்சம் அமைய லட்சத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வு போதும். அதைச் சரிக்கட்ட, சமன்பாட்டில் வருகிற ஓர் எண்ணை லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குச் சிறிதாக்க வேண்டியிருந்தது. ஏன் அவ்வளவு சிறிது? யாரிடமும் பதில் இல்லை. விடை வருவதற்காகத் திருகு திருகிவைத்த எண்.

பத்மநாபன் தன் பழைய பிடியை இங்கே கொண்டுவந்தார். நடுக்கங்கள் நீள்வதற்கு முன் ப்ளாங்க் நீளத்தைவிடச் சிறியவையாக இருந்திருக்கும். அவ்வளவு சிறிய தூரமே இல்லை என்றால் அந்த நடுக்கங்களை ஈர்ப்பின் குவாண்டம் குணமே அமுக்கிவிடும் அல்லவா? 1988இல் அமெரிக்காவின் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் தனியாக ஒரு கட்டுரை, 1989இல் டி.ஆர். சேஷாத்ரி, டி.பி. சிங் இருவரோடும் சேர்ந்து இன்னொன்று. வீக்கம் ஓடாமல் நின்றுவிட்ட வண்டி என்றும், தாங்கள் அதைத் தள்ளி ஓடவிடுவதாகவும் அர்த்தம் வரும்படி அந்த இரண்டாவது கட்டுரைக்குத் தலைப்பு வைத்திருந்தார்கள். வண்டி உண்மையிலேயே இந்த வழியாகத்தான் ஓடியதா என்று இன்றும் முடிவாகவில்லை. ஆனால் ப்ளாங்க் அளவில் நடந்தது இன்றைய வானத்தில் தடம் விட்டிருக்குமா என்ற கேள்வியை இவ்வளவு முன்பே கணக்காக எழுதியவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை.

1992 இரண்டு விதத்தில் முக்கியமான வருடம். ஏப்ரலில் கோபி செயற்கைக்கோள் குழு, பிரபஞ்சத்தின் ஆதி வெளிச்சத்தில் அந்த லட்சத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வைப் பார்த்துவிட்டதாக அறிவித்தது. பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதாக இருக்கையில் கிளம்பிய வெளிச்சம் அது, இன்று 2.7 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்து நுண்ணலையாக நம்மீது விழுந்துகொண்டிருக்கிறது. அதே வருடம் பத்மநாபன் பம்பாயை விட்டுப் புணேக்கு வந்தார். நார்லிக்கர் 1988இல் தொடங்கிய ஐயூக்கா வானியல் ஆய்வு மையம். முற்றத்தில் ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் சிலைகள் நிற்கிற இடம். 1993இல் கேம்பிரிட்ஜ் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய ‘பிரபஞ்சத்தில் கட்டமைப்பு உருவாதல்’ நூல், அந்த ஏற்றத்தாழ்வுகள் எப்படித் திரண்டு மண்டலங்களாயின என்பதை அடி அடியாகக் கணக்கிட்டுக் காட்டியது. சற்றே கனமான இடம் பக்கத்திலிருப்பதை இழுக்கும், இழுத்ததால் இன்னும் கனக்கும், கனத்ததால் இன்னும் இழுக்கும். இருக்கிற இடத்துக்கே போய்ச் சேர்கிற இந்தச் சங்கதி நமக்குப் புதிதில்லை. வானியற்பியல் முழுவதையும் அடக்கி மூன்று தொகுதிகளாக 2000 முதல் 2002 வரை எழுதினார். விருதுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக எனக்கு இஷ்டமில்லை. 1996இல் பட்நாகர் விருது, 2007இல் பத்மஸ்ரீ, இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனிமேல்தான் சாக்கு.

1998இல் தொலைதூரச் சூப்பர்நோவாக்களைப் பார்த்த இரண்டு குழுக்கள், பிரபஞ்சத்தின் விரிவு வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டு போகிறது என்று சொல்லின. தள்ளுவது எது? ஐன்ஸ்டைன் 1917இல் தன் சமன்பாட்டில் சேர்த்து, பிறகு வேண்டாமென்று தள்ளிய பிரபஞ்ச மாறிலியைத் தூசிதட்டி எடுத்தார்கள். அதற்கு ஒரு விளக்கமும் கைவசம் இருந்தது. வெற்றிடம் என்பது உண்மையில் வெறுமையாக இல்லை. குவாண்டம் நடுக்கத்தின் ஆற்றல் அதில் எப்போதும் இருக்கிறது. அந்த ஆற்றலின் எடைதான் மாறிலி. சரி, எடை எவ்வளவு? ப்ளாங்க் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் வருகிற விடை, வானத்தில் அளந்ததைப்போல 1-க்குப் பின் சுமார் 123 சைபர் போட்ட மடங்கு. இயற்பியலில் இதைவிடப் பெரிய கணக்குப் பிசகு கிடையாது. 2003இல் பத்மநாபன் இதைப்பற்றி எழுதிய நீண்ட ஆய்வுரையின் தலைப்பில் ‘வெற்றிடத்தின் எடை’ என்ற தொடரை வைத்தார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டிய கட்டுரை அது.

இப்போது எங்கள் மார்க்கெட்டில் எலெக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. காலிச் சாக்கை வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் திரையில் பூச்சியம் வந்துவிடும். பிறகு பழத்தைக் கொட்டினால் பழத்தின் எடை மட்டும் காட்டும். சாக்கை எடுத்துவிட்டால் மைனஸில் ஓர் எண் நிற்கும். பூச்சியம் எங்கே இருக்க வேண்டும் என்பது அமுக்குகிறவன் கையில் இருக்கிறது. இயற்பியலின் மற்ற எல்லாப் பிரிவுகளும் இந்தத் தராசைப் போலத்தான். மின்சாரமோ, அணுவோ, வெப்பமோ, எதிலும் ஆற்றல்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் கணக்கு. மொத்த ஆற்றலோடு ஒரு மாறாத எண்ணைக் கூட்டினாலும் கழித்தாலும் எதுவும் மாறாது. ஈர்ப்பு மட்டும் பழைய தராசு. சாக்கையும் சேர்த்து நிறுக்கும்.

இதை எல்லாருமே அறிவார்கள். பத்மநாபன் வேறுபடுவது அடுத்த எட்டில். வெற்றிடத்தின் எடை ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று மற்றவர்கள் சாக்கை ஆராய்ந்துகொண்டிருக்கையில், இவர் தராசைச் சந்தேகப்பட்டார். பருப்பொருளின் விதிகள் பூச்சியம் எங்கிருக்கிறது என்று பார்ப்பதில்லை, ஈர்ப்பும் பார்க்கக்கூடாது, அப்படிப் பார்க்காத ஈர்ப்பை எழுதிக்காட்ட வேண்டும். அதற்காக அவர் பிடித்த வழி வெப்பவியல். காப்பி சூடாக இருக்கிறது என்றால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஆடிக்கொண்டிருக்கின்றன என்று போல்ட்ஸ்மான் காட்டினார். கருந்துளைக்கு வெப்பநிலை உண்டு என்று ஹாக்கிங் காட்டினார். வேகம் கூடிக்கொண்டே போகிற ஒருவருக்கு வெற்றிடமே சூடாகத் தெரியும் என்று டேவிஸும் அன்ரூவும் காட்டினார்கள். வெளியைச் சூடாக்க முடியும் என்றால் வெளிக்கும் நுண்ணிய உறுப்புகள் இருக்க வேண்டும் என்றார் பத்மநாபன். 2002இல், கருந்துளையின் எல்லை போன்ற அடிவானத்தின் விளிம்பில் ஐன்ஸ்டைன் சமன்பாட்டை எழுதிப் பார்த்தால் அது நீராவி எஞ்சினுக்குப் போடுகிற வெப்பவியல் சமன்பாட்டின் உருவத்திலேயே இருக்கிறது என்று காட்டினார். அடிப்படை விசையாக இல்லாமல், உள்ளே ஏதோ ஒன்று ஆடுவதன் மொத்த விளைவாக ஈர்ப்பு வெளிப்படுகிறது என்பது அவர் கட்சி. 1995இலேயே டெட் ஜேக்கப்சன் இந்தத் திசையில் ஒரு கதவைத் திறந்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்படி எழுதப்பட்ட ஈர்ப்பு, சாக்கைத் தானே கழித்துவிடும். ஆனால் ஒரு சிக்கல். கழித்தபிறகு மாறிலி முற்றாகப் போய்விடவில்லை. கணக்கின் முடிவில், பள்ளிக்கூடத்தில் தொகையீடு போட்டதும் கடைசியில் ஒரு ‘சி’ சேர்ப்போமே, அதுபோல வந்து உட்காருகிறது. அதன் மதிப்பை வேறெங்காவதுதான் தேட வேண்டும். எங்கே?

முதல் கணத்தில். சுற்றிச் சுற்றி அவர் வீக்கத்துக்கே வந்து சேர்ந்தார்.

2013இல் வந்த அந்தக் கட்டுரையில் இரண்டு பெயர்கள்: ஹம்சா பத்மநாபன், டி. பத்மநாபன். மகளும் அப்பாவும். தாய் வசந்தியும் டாடா நிலையத்தில் வானியற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்த வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு என்னவாக இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஹம்சா அப்போது ஆய்வு மாணவி. இருவரும் எண்ணியது அலைகளை. வீக்கக் காலத்தில் அலைகள் நீண்டு, அந்தந்தக் காலத்துப் பிரபஞ்சத்தின் எல்லைக்கு வெளியே போகின்றன. வீக்கம் நின்றபின் எல்லை வளர்ந்து அவற்றை உள்ளே வாங்கிக்கொள்கிறது. பிற்காலத்தில் விரிவு மறுபடி வேகம் பிடிக்கையில் திரும்பவும் வெளியே போகின்றன. அப்படி வந்து போகிற அலைகள் மொத்தம் எத்தனை? பிரபஞ்ச மாறிலி பூச்சியமானால் அந்த எண்ணிக்கைக்கு முடிவே கிடையாது. மாறிலி இருப்பதால்தான் அது முடிவுள்ள எண்ணாகிறது. அந்த எண், ஆரம் ஒன்றாக உள்ள ஓர் உருண்டையின் மேற்பரப்பு அளவான 4π என்று வைத்துக்கொண்டால், வீக்கக் காலத்து ஆற்றலிலிருந்து இன்றைய மாறிலியின் மதிப்பைக் கணக்கிட்டுவிடலாம். வானத்தில் அளந்த மதிப்போடு அது பொருந்தியும் வருகிறது. தொடக்கமும் முடிவும் ஒரே சமன்பாட்டில்.

ஏன் 4π என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். அதற்குப் பத்மநாபன் சொன்ன காரணம், வீக்கத்துக்கு முந்திய ஒரு நிலையைப் பற்றிய ஊகத்தில் நிற்கிறது. அந்த நிலையை அளந்துபார்க்கும் வழி இதுவரை இல்லை. என்னைக் கேட்டால், விடை சரியா என்பதைவிட, 123 சைபரை அதிர்ஷ்டம் என்று கைகழுவாமல் அதற்கு ஒரு வாய்பாடு கேட்ட பிடிவாதம்தான் என்னை இந்த அத்தியாயத்தை எழுத வைத்தது.

இன்னொன்றும் உண்டு. நம்மைப்போல அவரும் தொடர் எழுதியவர். பெங்களூரிலிருந்து வரும் ‘ரெசொனன்ஸ்’ இதழில் ‘அறிவியலின் விடியல்’ என்ற தொடரை 2010 முதல் எழுதினார். 2019இல் அது வசந்தியோடு சேர்ந்து எழுதிய நூலாக வந்தது. நுண்கணிதத்தின் வித்துகள் நியூட்டனுக்கு முன்பே கேரளத்தில் விழுந்த கதைக்கு அதில் ஓர் அத்தியாயம். அதற்கும் முன்பு இயற்பியல் வரலாற்றைப் படக்கதையாகவும் எழுதியிருக்கிறார். முப்பரிமாணத் தொகையீட்டோடு மல்லுக்கட்டுகிற ஆள் படக்கதைக்கு வசனம் எழுத உட்கார்ந்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

2021 செப்டம்பர் 17 அன்று புணேயில் இறந்துபோனார். வயது 64. வேலை நிற்கவில்லை. அவரிடம் படித்த எல். ஸ்ரீராம்குமார் சென்னை ஐ.ஐ.டி.யில் வீக்கக் காலத்து மேடுபள்ளங்களைத்தான் இன்னும் நுணுக்கிக்கொண்டிருக்கிறார். குரு நார்லிக்கர், சிஷ்யன் போய் ஏறக்குறைய நான்கு வருடம் கழித்து, 2025 மே 20 அன்று அதே புணேயில் காலமானார்.

அடுத்த வாரம் காகிதத்தை விட்டுத் தண்ணீரில் இறங்குகிறோம். கர்நாடகத்தில் தண்டிகானஹள்ளி ஏரியில் ஓர் ஆண்டெனாவை மிதக்கவிட்டு, முதல் விண்மீன்கள் பற்றிக்கொண்ட காலத்தின் வானொலி முனகலைக் கேட்கப் போனவர்களின் கதை.